வஸ்மியாவின் வலது உள்ளங்கை

வஸ்மியாவை எங்கள் தெருவில் ‘உம் காயிப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெற்றவளை இன்னாரின் அம்மா என்று சொல்வது பஸ்ராவுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் அபுல் கஸீபில் வழக்கம். என்னையே உம் சுஹாத் என்றால்தான் ஆளுக்குத் தெரியும். பிள்ளை பிறக்காதவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? இன்னும் வந்து சேராத பிள்ளையின் அம்மா என்று ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். காயிப் என்றால் இங்கே இல்லாதவன். மரியாதைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு நாளைக்கு இருபது தடவை, இல்லாதவனின் அம்மாவே என்று கூப்பிட்டால் யாருக்கு நன்றாக இருக்கும்? நான் மட்டும் அவளை வஸ்மியா என்றே கூப்பிட்டேன். இந்த ஒரு காரியத்தை வைத்து என்னை நல்லவள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அவளுடைய வெண்டைத் தோட்டத்துக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரு வாய்க்கால். முப்பது வருடமாக விடிவதற்கு முன்பே சேர்ந்து போய், ஒன்பது மணிக்குள் பறித்து முடித்துத் திரும்புவோம். அதற்கு மேல் வெயிலில் நின்றால் மூளை உருகிவிடும். ஆகஸ்டைப் பேரீச்சையைச் சமைக்கும் மாதம் என்பார்கள் எங்கள் ஆட்கள். பேரீச்சையை மட்டுமா சமைக்கிறது?

எங்கள் தெருவிலேயே வெயிலுக்கு மரியாதை கொடுத்தவள் வஸ்மியா ஒருத்திதான். கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றிக் கட்டுவாள். வீடு திரும்பியதும் இலந்தை இலைப் பொடியைக் குழைத்துத் தலையிலிருந்து கால் வரை தேய்த்துக் குளிப்பாள். அதிலும் ஒரு கணக்கு உண்டு. கோடையில் எங்கள் வீடுகளில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியில் கொதித்த தண்ணீர் வரும். டீத்தூள் போட்டால் டீயாகிவிடும். சுவிட்சை அணைத்துப்போட்ட சுடுதண்ணீர்த் தொட்டியில்தான் ஆறிய தண்ணீர் இருக்கும். ஆனால் இரண்டிலும் உப்பு. அதனால் கடைசியாக ஒரு சொம்பு, விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீரை முகத்துக்கும் கழுத்துக்கும் ஊற்றிக்கொள்வாள். பிறகு கன்னத்தில் தயிரைத் தடவிக்கொண்டு, ஈரப் போர்வைக்கு அடியில் படுத்துவிடுவாள்.

“குடிக்கிற தண்ணிய மூஞ்சிக்கு ஊத்துறியே, யாருக்குடி காட்டப்போற?” என்று நான் கிண்டல் செய்வேன்.

“எனக்கே காட்டிக்கிறேன். கண்ணாடி சும்மாதானே தொங்குது” என்பாள்.

முகம் தப்பித்தது. கையும் காலும் தப்பிக்கவில்லை. வெண்டைச் செடியின் சுணை தோலுக்குள் ஏறி அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு பறிக்கலாம், ஆனால் காய் பிஞ்சா முற்றலா என்று விரலுக்குத் தெரியாது. உப்புத் தண்ணீர் நிற்கிற வாய்க்காலில் நடந்து நடந்து உள்ளங்கால் வெடிக்கும். இதற்கெல்லாம் மருந்துக்கடைக் களிம்பு கதைக்கு ஆகாது. பூசிய பத்தாவது நிமிடம் உருகி வழிந்துவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மருதாணி. ஃபாவ் ஊர் மருதாணியை, காய்ந்த எலுமிச்சை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் குழைத்து, உள்ளங்கால் முழுக்க, உள்ளங்கை முழுக்க அப்பி, துணி சுற்றிக் கட்டிவிட வேண்டும். தோல் கெட்டிப்படும், குளிர்ச்சியும் ஆகும். தோட்ட வேலை செய்கிற ஆண்களும் உள்ளங்காலில் வைத்துக்கொள்வார்கள்.

வஸ்மியாவும் அவள் புருஷன் மிஸ்ஹிரும் ஜூன் பிறந்தால் ஒருவருக்கொருவர் வைத்துவிடுவார்கள். பிள்ளை இல்லாத வீடு; இரண்டு பேரும் முற்றத்தில் காலை நீட்டிக்கொண்டு, கைகால் கட்டுப்போட்டவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னைத்தான் கூப்பிட வேண்டும். எரிச்சலாக இருக்கும். பொறாமையாகவும் இருக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், மே மாதம் முதல் வாரத்தில், மிஸ்ஹிர் மாரடைப்பில் போய்விட்டார். புருஷன் போனவள் இருக்க வேண்டிய இத்தாவில் வஸ்மியா உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள். கறுப்பு உடுத்த வேண்டும். கண்ணுக்குச் சுர்மா கூடாது, வாசனை கூடாது, மருதாணி கூடவே கூடாது, அது அலங்காரம். வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுதான் முறை. பிழைப்புக்கு வேறு ஆள் இல்லையென்றால் பகலில் போய் வரலாம் என்றார்கள். அவளுக்கு வேறு ஆள் ஏது? வெண்டைக்காய் துக்கம் பார்க்காது. இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் முற்றி நாராகிவிடும்.

மே முடிவதற்குள் அவள் கால் வெடித்துவிட்டது. ஒருநாள் காலையில் வாய்க்கால் வரப்பில் அவளுக்குப் பின்னால் நடந்தேன். அவள் கால் வைத்த இடத்திலெல்லாம் ரத்தம். உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பாளம் பாளமாகப் பிளந்திருந்தது, பிளவுக்குள் உப்பு.

“வலிக்கலையாடி?”

“வலிக்குது. அழுதா மிஸ்ஹிருக்காக அழறேன்னு நெனச்சுக்குவாங்க. அதுவும் நல்லதுதானே” என்றாள்.

அன்று சாயங்காலம் நான்தான் மருதாணி குழைத்தேன். என் வீட்டுக் கிண்ணம், என் கை. சுவருக்கு அந்தப் பக்கம் போய் நீட்டியதும் அவள் பின்வாங்கினாள்.

“வேணாம் உம் சுஹாத். பாவம்.”

“உதட்டுக்கா பூசச் சொல்றேன்? புண்ணுக்கு மருந்து. உள்ளங்காலுக்கு மட்டும். கறுப்பு சாக்ஸ் போட்டுக்கோ. உன் உள்ளங்காலை எவ வந்து தூக்கிப் பார்க்கப் போறா?”

அவள் எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு காலை நீட்டினாள். நானே அப்பி, நானே துணி கட்டினேன். ஒரு வாரத்தில் பிளவெல்லாம் கூடிவிட்டது. அவள் ஒழுங்காக நடப்பதைப் பார்த்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மிஸ்ஹிரின் அக்கா ஃபக்ரியா வந்தாள். கண்டிப்பானவள், வாக்கு மாறாதவள். அவள் மகன் ஹைதமுக்கு என் மகள் சுஹாதைப் பேசி முடித்திருந்தோம். மோதிரம் மாற்றுவதுதான் பாக்கி. ஓதல் முடிந்தது, மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரமானது. பெண்கள் ஒவ்வொருவராகக் குழாயடியில் கைமுகம் கழுவி ஒளு செய்ய எழுந்தார்கள். எங்கள் ஒளுவில் வெறும் பாதத்தைத்தான் ஈரக் கையால் தடவ வேண்டும். வஸ்மியா காலுறையைக் கழற்றினாள், ஒளு செய்தாள், அப்படியே வந்து முன் வரிசையில் நின்றுவிட்டாள். நாற்பது நாளாகத் தூக்கமில்லாதவள். காலுறை குழாயடியிலேயே கிடந்தது.

நான் ஃபக்ரியாவுக்குப் பக்கத்தில், பின் வரிசையில் நின்றேன். எல்லோரும் சஜ்தாவுக்குக் குனிந்தோம். நெற்றி தரையைத் தொட்டு எழும்போது எனக்கு நேர் முன்னால் இரண்டு உள்ளங்கால்கள், மாதுளைத் தோல் நிறத்தில். தொழுகையில், சஜ்தாவில் கிடக்கும்போது ஒருத்தியின் உள்ளங்காலை மற்றவள் பார்ப்பாள் என்பதை நான் எப்படி மறந்தேன்? தினம் ஐந்து வேளை தொழுகிறவள் நான்.

சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் ஃபக்ரியா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“என் தம்பி குழியில மண்ணு இன்னும் காயலை. நீ காலைச் சிவக்க வச்சிருக்க” என்றாள்.

“கால் வெடிச்சுப்போச்சு அண்ணி. மருந்துக்குத்தான்.”

“வெயில் உனக்கு மட்டுமா அடிக்குது? எனக்கும் வெடிச்சிருக்கு, பாரு. யாரு குழைச்சுக் குடுத்தது?”

அறையில் பதினைந்து பெண்கள். வஸ்மியா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நானேதான்” என்றாள்.

ஃபக்ரியா என்னைப் பார்த்தாள். “உம் சுஹாத், நீ பக்கத்து வீடு. உனக்கு ஒண்ணும் தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

இதைச் சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. சுஹாதின் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். பயந்தேன் என்று சொல்வதால் எதுவும் குறைந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கோடை முழுக்க வஸ்மியா வாசலை யாரும் மிதிக்கவில்லை. காய் ஏற்றிப்போகிற வண்டியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எதிர்ப் பலகைக்கு மாறினார்கள். ‘மாப்பிள்ளை தேடுறா போல’ என்று காது பட ஒருத்தி சொன்னாள். நானும் தோட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் போக ஆரம்பித்தேன். மத்தியானத்தில் கரண்ட் போனால் ஊரே அமைதியாகிவிடும். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போர்வையைத் தண்ணீரில் முக்கிப் பிழிகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி முக்குவாள். உப்புத் தண்ணீரும் வேர்க்குருவும் சேர்ந்து முதுகெல்லாம் எரிந்திருக்கும். முதுகுக்குத் தயிர் தடவிவிட ஒரு கை வேண்டும். இங்கே நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் நடுவில் இத்தா முடிந்தது. அன்றைக்குப் புருஷன் வீட்டுப் பெண்கள் வந்து, தலைக்கு ஊற்றி, கையிலும் காலிலும் முதல் மருதாணி வைத்து, தெரு முனை வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ‘உன் துக்கம் முடிந்தது, நீ எங்கள் பெண்தான்’ என்று ஊருக்குக் காட்டுகிற சடங்கு. வஸ்மியா விடியற்காலையிலேயே முற்றத்தைக் கழுவிவிட்டாள். பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். நான் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நான்கு தடவை எட்டிப் பார்த்தேன். மத்தியானம் கதவை ஒருக்களித்தாள். பிறகு சாத்திவிட்டாள்.

பொறுக்க முடியாமல் சாயங்காலம் போனேன். முற்றத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலிலும் மருதாணி அப்பித் துணி சுற்றியிருந்தது. இடது உள்ளங்கைக்கும் வைத்து, முடிச்சைப் பல்லால் இழுத்துக் கட்டியிருந்தாள். உதட்டோரம் பச்சையாக இருந்தது. வலது கை மட்டும் வெறுமையாக மடியில் கிடந்தது. கட்டுப்போட்ட கையால் மற்றக் கைக்கு வைக்க முடியாது.

நான் கிண்ணத்தை எடுத்தேன். “குடு, நான் வச்சுவிடறேன்.”

அவள் வலது கையை மூடிக்கொண்டாள்.

“ஃபக்ரியாகிட்ட சொல்லிட்டு வா.”

“என்னன்னு?”

“நான்தான் குழைச்சேன், நான்தான் வச்சுவிட்டேன்னு. ஒரு வார்த்தை. அப்புறம் நீயே வந்து வை. நீ வைக்காம எனக்கு வேற யாரு இருக்கா?”

“வஸ்மியா, அடுத்த மாசம் சுஹாதுக்குக் கல்யாணம்டி.”

“தெரியும். கல்யாணம் முடியட்டும். நான் எங்க போகப்போறேன்” என்றாள்.

கல்யாணம் முடிந்தது. பிறகு சுஹாத் உண்டாகியிருந்தாள். இந்த நேரத்தில் மாமியாரிடம் எதற்கு வம்பு என்று விட்டேன். அடுத்தது கலைந்துபோனது, அந்தச் சமயத்தில் எப்படிச் சொல்வது? அதற்கப்புறம் ஃபக்ரியாவுக்கு ரத்த அழுத்தம். சாக்குச் சொல்கிறவளுக்குக் காரணமா கிடைக்காது? ஒவ்வொரு ஜூனிலும் நான் கிண்ணத்தோடு போவேன். வஸ்மியா டீ கொடுப்பாள், வெயிலைத் திட்டுவாள், சிரிக்கக்கூடச் செய்வாள். “சொல்லிட்டியா?” என்று கேட்பாள். நான் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருவேன்.

இப்படியாக வருடா வருடம் அவளுக்கு இடது கை சிவந்தும் வலது கை வெளுத்தும் இருந்தது. காய் பறிக்கிற கை, அரிவாள் பிடிக்கிற கை அந்த வலதுதான். ஜூலையில் அது வெடிக்கும், ஆகஸ்டில் சீழ் வைக்கும். துணி சுற்றிக்கொண்டு பறிப்பாள். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்துத் தெருவில் பிள்ளை வரம் கேட்கிற ஒருத்தி, ஏதோ பலன் தரும் என்று நம்பி, தானும் ஒரு வருடம் ஒற்றைக் கைக்கு வைத்துக்கொண்டு திரிந்தாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஃபக்ரியாவும் போகப் போக வஸ்மியாவுக்குப் பெருநாள் சலாம் சொல்லுகிற அளவுக்கு இறங்கிவந்தாள். ஆனால் அவள் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை. இந்த மார்ச் மாதம் ஃபக்ரியாவுக்கு மூளையில் ரத்தம் கட்டிப் பஸ்ராவில் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கதவைப் பார்த்துக்கொண்டு, குனிந்து, அவள் காதில் சொன்னேன். நான்தான் குழைத்தேன், நான்தான் வைத்துவிட்டேன் என்று முழுசாகச் சொன்னேன். அப்போதே அவளுக்கு மூன்று நாளாக நினைவில்லை. நான் சொன்ன இரண்டாம் நாள் போய்விட்டாள்.

ஜூன் வந்தது. கிண்ணத்தோடு போனேன்.

“சொல்லிட்டியா?” என்றாள் வஸ்மியா.

“சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில.”

அவள் டீ ஊற்றுவதை நிறுத்தினாள். “என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை.”

“கண்ணு முழிச்சிருந்தாளா?”

“இல்லை.”

வஸ்மியா என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது அவளுக்கு. “அதுக்குப் பதிலா இந்தச் சுவத்துக்கிட்ட சொல்லியிருக்கலாமே. பஸ் காசாவது மிச்சமாகியிருக்கும்.”

“இனி யாருகிட்டடி சொல்றது? அவதான் போயிட்டாளே.”

டீயை என் முன்னால் நகர்த்தினாள். “சுஹாதுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப இன்னும் ஒரு ஆள் இருக்கு” என்றாள்.

நான் டீயைத் தொடாமல் எழுந்தேன். ஃபக்ரியாவிடம் சொல்வதற்குக்கூடப் பதினொரு வருடத்தில் நான் இவ்வளவு பயந்ததில்லை. ஒரே மகள். என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறவள்.

சுஹாத் வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு வந்தாள். பிள்ளைகள் தூங்கியதும் தர்ப்பூசணியை நறுக்கிக் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். எதையும் விடவில்லை; ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்றதையும் சொன்னேன். அவள் கையிலிருந்த துண்டை அப்படியே தட்டில் வைத்தாள்.

“இதுக்காகவா அந்தச் சித்தி கை அப்படிக் கிடக்குது?”

“உன் கல்யாணத்துக்காகத்தானேடி...”

“என் பேரை இதுல இழுக்காதம்மா” என்றாள். கத்தவில்லை. அவள் மாமியாரின் குரல் மாதிரியே இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போய் மருதாணி டப்பாவைத் தேடினாள். எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்கவில்லை. எலுமிச்சையைக் கொதிக்க வைத்தாள், ஆறவிட்டுக் குழைத்தாள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நானும் செருப்பைத் தேடினேன். “நீ இரு” என்றாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு சுஹாதின் குரல். நடுவில் ஒரு தடவை வஸ்மியா விசும்புகிற மாதிரி இருந்தது, இருமலாகவும் இருக்கலாம். பிறகு துணி கிழிபடுகிற சத்தம். கட்டுப்போடத் துணி கிழிக்கிறார்கள். அப்படியென்றால் கையை நீட்டிவிட்டாள். முப்பது வருடம் கூட நடந்தவள் நான். நீட்டியது என் மகளிடம்.

வெயில் தாழ்ந்ததும் சுஹாத் திரும்பி வந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. குழாயடியில் உட்கார்ந்து கழுவினாள்.

“வச்சுட்டியா?”

“ம்.”

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?”

“இல்லையே” என்றாள் சுஹாத், குழாயை மூடிவிட்டு.